ஆண் பிள்ளையின் முதல் ஆறு மாதம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாரிப்போக வேளாண்மை செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். விதைத்த சில கிழமைகளில் பயிர் கிளை வெடிக்க வேண்டும். அந்த நாட்களில் பசளை தவறினால், பிறகு கதிர் கருக்கொள்ளும் குடலைப் பருவத்தில் எவ்வளவு யூரியா எறிந்தாலும் மணி கொஞ்சம் பருக்குமே தவிர, வெடிக்காத கிளையில் கதிர் வராது. விந்தணு உருவாகும் உறுப்பான ஆணின் விதைக்குள்ளும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான்.

விந்தணுக்கள் தாமாக வளர்வதில்லை. விதைக்குள் சுருண்டு கிடக்கும் நுண்குழாய்களின் சுவரோடு ஒட்டி நிற்கும் செர்ட்டோலிக் கலங்களே அவற்றைத் தாங்கி, ஊட்டி, முதிர வைக்கின்றன. 1865இல் இவற்றை விவரித்த இத்தாலியரான என்றிக்கோ செர்ட்டோலியின் பெயரே இவற்றுக்கு நிலைத்தது. ஒரு கலத்தால் ஓரளவு விந்தணுக்களை மட்டுமே வளர்க்க முடியும் என்பதால், ஓர் ஆணின் விந்தணு உற்பத்தியின் மேலெல்லையை இக்கலங்களின் தொகையே பெரிதும் தீர்மானிக்கிறது. அவை பெருகுவது கருப்பைக்குள் தொடங்கி, பிறந்த பின் முதல் மாதங்களிலும் பருவமடையும் காலத்திலும் வேகமெடுத்து, அத்தோடு நின்றுவிடுகிறது.

முதல் மாதங்களில் நடப்பது வியப்பானது. பிறந்து சில நாட்களில் குழந்தையின் மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி விழித்துக்கொள்கிறது. ஒன்று முதல் மூன்று மாத வயதில் ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் உச்சத்தைத் தொட்டு, ஆறு மாதத்துக்குள் அடங்கிப்போகிறது. மருத்துவர்கள் இதைக் குறும்பருவம் என்கிறார்கள். இவ்வளவு ஓமோன் இருந்தும் குழந்தையில் விந்தணு உருவாகாததற்குக் காரணம், அந்த வயதில் செர்ட்டோலிக் கலங்களில் டெஸ்டோஸ்டிரோனை உணரும் வாங்கிகள் அநேகமாக இல்லாததுதான். அவை முதிராமல், பெருகிக்கொண்டே இருக்கின்றன.

ஊட்டம் குறைந்தால் இந்தப் பெருக்கம் மந்தமாகிறது. உடலின் கொழுப்பிருப்பைத் தெரிவிக்கும் லெப்டின் குறையும்போது மூளையின் ஐப்போதலமஸ் இனப்பெருக்கத்துக்கான கட்டளையைத் தணிக்கிறது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகளும் குறைகின்றன. தாய் ஆட்டுக்கும் தாய் எலிக்கும் சினைக்காலத்தில் தீனியைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில், குட்டிகளின் விதையில் செர்ட்டோலிக் கலங்கள் குறைந்திருந்தன.

மனிதரில் இப்படிப் பரிசோதிக்க முடியாது, வளர்ந்தவர்களைப் பின்தொடரத்தான் முடியும். பிலிப்பைன்சின் செபுவில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த ஆண்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் வேகமாக நிறை கூடியவர்கள் முந்திப் பருவமடைந்து, உயரமாகவும் தசைப்பற்றோடும் கூடுதல் டெஸ்டோஸ்டிரோனோடும் இருந்தார்கள். 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், வங்காளதேசத்தில் வளர்ந்த ஆண்களைவிட, சிறுவயதிலேயே பிரித்தானியாவுக்குப் போன வங்காளதேசத்தவருக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தது. அங்கே ஒப்பிடப்பட்டவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர்; அடிக்கடி வரும் தொற்றோடு போராடுவதற்கே பிள்ளையின் சக்தி செலவாகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். மாரி வெள்ளம் வடிந்ததும் வயிற்றோட்டம் வரும் நம் ஊர்களில் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஒன்றை மிகைப்படுத்தக் கூடாது. மேலெல்லை தாழ்ந்தவர் மலட்டுத்தன்மை உடையவர் அல்லர். டெஸ்டோஸ்டிரோன் சற்றுக் குறைந்தவர்களும் தகப்பனாகிறார்கள். ஆயினும் பிள்ளை தங்காத வீட்டில் முதலில் மனைவியையே கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வழக்கத்துக்கு உடலியலில் எந்த நியாயமும் இல்லை. இளமையில் மெலிந்து, பின்பு வயிறு வைக்கும் ஆணுக்குக் கொழுப்பிழையமே டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியைப் பெண் ஓமோனான ஈஸ்திரோஜனாக மாற்றிவிடுவதால், பிந்திய கொழுத்த சாப்பாடு இழப்பை ஈடுசெய்யாது.

ஆகவேதான் குடும்பநல மாது தராசில் பிள்ளையைக் கிடத்தி வளர்ச்சிப் பதிவேட்டில் வைக்கும் புள்ளி வெறும் சடங்கல்ல. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் திரிபோஷா என்னும் சத்துமா வீட்டார் எல்லாருடைய கோப்பைக்கும் பங்காகிவிடுவதும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதை மீறித் தண்ணீர் கொடுப்பதும் அந்தப் புள்ளிகளை இணைக்கும் வளர்ச்சிக் கோட்டைக் கீழே வளைக்கக் கூடியவை. நிறை குறைந்து பிறந்த ஆண் குழந்தைகளில் விதை பைக்குள் இறங்காமலிருப்பதும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அது தானாக இறங்குவது அரிது என்பதால், ஆறாம் மாதத்திலும் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால், மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் ஒன்றரை வயதுக்குள் செய்துவிடுவதே விதைக்கு நல்லது.