ட்ரோன் பறக்கும்போது திரையில் படம் போனால்

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், மட்டக்களப்பு நாவலடிக் கடற்கரையிலிருந்து ஒரு தம்பி நேரே என் ட்ரோன் திருத்தும் கடைக்கு வந்தார். காலில் ஒட்டிய மணல்கூடக் காயவில்லை. கையில் ரிமோட்டும் போனும் மட்டும்தான். "அண்ணா, படம் போயிட்டு. ட்ரோனும் போயிட்டு" என்றார். இரண்டும் ஒன்றாகவே நடந்தன என்று அவர் நம்பியிருந்தார்.

போனில் இருந்த பறப்புப் பதிவைத் திறந்தோம். ட்ரோன் போன பாதையோடு, ரிமோட்டின் ஸ்டிக்கை எந்த வினாடியில் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளினோம் என்பதும் அதில் பதிவாகியிருக்கும். கரையிலிருந்து முந்நூறு மீற்றர் அளவில் கடலுக்கு மேலே நின்று, முகத்தைக் கரைப் பக்கம் திருப்பி, சவுக்கு மரங்களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தில் படம் உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்பது வினாடி, வலது ஸ்டிக் அடிவரைக்கும் பின்னுக்கு இழுபட்டிருந்தது. தன் பக்கம் இழுத்தால் தன்னிடம் வரும் என்று அவருடைய கை நினைத்திருக்கிறது. ஆனால் கரையைப் பார்த்து நிற்கும் ட்ரோனுக்குப் பின்பக்கம் கடல். கச்சானும் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. திருப்பிக் கொண்டுவர இழுத்த இழுப்பிலேயே அது எழுநூறு மீற்றர் தாண்டிப் போனது. பிறகுதான் ரிமோட்டின் தொடர்பும் அறுந்து, அது தானாகத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. எதிர்க்காற்று, முப்பது வீதப் பற்றறி. கடைசிப் புள்ளி கடலுக்கு மேலேயே முடிந்துவிட்டது.

படம் போன அந்தக் கணத்தில் அவர் ஸ்டிக்கிலிருந்து இரண்டு விரலையும் எடுத்திருந்தால், ட்ரோன் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஜி.பி.எஸ் உள்ள ட்ரோன்கள் ஸ்டிக்கை விட்டதும் காற்றை எதிர்த்து அதே இடத்தில் மிதக்கும். ஆகவே படம் போனால் முதலில் கையை எடுங்கள். திரையிலிருந்து கண்ணை எடுத்து வானத்தைப் பாருங்கள். ட்ரோன் தெரிந்தால், வலது ஸ்டிக்கைக் கொஞ்சமாக முன்னுக்குத் தள்ளி அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, முகம் இருக்கும் திசையைப் பிடித்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் ரிமோட்டில் உள்ள வீடு திரும்பும் பொத்தானை அது கத்தும்வரை அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பொத்தானுக்குப் போன் தேவையில்லை. போன் செத்துப்போனாலும் ரிமோட் தன் வேலையைச் செய்யும். படம் மட்டும் போய் ரிமோட் தொடர்பு இருக்கும்போது ட்ரோன் தானாகத் திரும்பி வராது என்பதையும் மனதில் வையுங்கள். ரிமோட்டின் தொடர்பும் அறுந்தால்தான் அந்தத் தானியங்கித் திரும்பல் தொடங்கும்.

பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் விலை குறைந்த ட்ரோன்களுக்கு இது பொருந்தாது. பலவற்றில் ஜி.பி.எஸ் இல்லை. கையை விட்டால் காற்றோடு போகும், வீடு திரும்பவும் தெரியாது. அவற்றைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் மட்டும் பறக்கவிட்டு, படம் போன உடனே மெதுவாக இறக்கிவிட வேண்டும்.

படம் ஏன் முதலில் போகிறது? ரிமோட் ட்ரோனுக்கு அனுப்புவது மிகச் சிறிய கட்டளைகள். ட்ரோன் திருப்பி அனுப்புவதோ வினாடிக்குப் பல மெகாபிட் வீடியோ. தூரம் இரண்டு மடங்கானால் வந்துசேரும் சிக்னலின் வலு நாலில் ஒன்றாகிவிடும். அப்படி வலு குறையும்போது பெரிய சுமைதான் முதலில் விழும், சின்னக் கட்டளைகள் இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். அதனால் படம் தெறிக்கத் தொடங்குவது ஒரு முன்னெச்சரிக்கை. பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பி இன்னும் ஒரு நூறு மீற்றர் போய்ப் பார்ப்போம் என்று போகாதீர்கள். டிஜேஐ நிறுவனத்தின் மினி 2 ட்ரோனுக்கு அமெரிக்க அளவுகோலில் 10 கிலோமீற்றரும் ஐரோப்பிய அளவுகோலில் 6 கிலோமீற்றரும் என்று எழுதியிருக்கும். ட்ரோன் ஒன்றுதான், அனுமதிக்கப்பட்ட ஒலிபரப்பு வலுதான் வேறு. அந்த இரண்டு எண்ணுமே தடையும் இடையூறும் இல்லாத வெட்டவெளிக்கு உரியவை. தென்னந்தோப்புக்கு யாரும் எண் எழுதுவதில்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, படம் போனபோது திரையில் மிச்சம் என்ன இருந்தது என்பதைத்தான். படம் கட்டங்கட்டமாக உடைந்து, உறைந்து, உயரமும் தூரமும் காட்டும் எண்களும் நின்றுபோயிருந்தால் அது வானொலி அலையின் பிரச்சினை. எண்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, படம் மட்டும் கறுத்துப்போனால் கமராப் பக்கம் பார்க்க வேண்டும். செயலி 'இணைப்பு இல்லை' என்று மொத்தமாகக் கைவிட்டு, ரிமோட் மட்டும் கத்தாமல் அமைதியாக இருந்தால் குற்றவாளி போனோ கேபிளோதான். இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வானொலி அலைதான் நம் பகுதியில் அதிகம் காலை வாருகிறது. படுவான்கரை வயலில் வேளாண்மை வெட்டைப் படமெடுக்கப் போன ஒரு நாள் எனக்கே நடந்தது. வெயிலுக்கு என் வான் வண்டியின் நிழலில் ஒதுங்கி நின்றேன். ட்ரோன் வயலுக்கு மேலே நானூறு மீற்றர் தூரத்தில். வண்டியின் தகரம் எனக்கும் அதற்கும் நடுவில். படம் போய்விட்டது. நாலு எட்டு வைத்து வரப்பில் ஏறினேன், திரும்பி வந்துவிட்டது. ஈரமான எதுவும் ட்ரோனும் ரிமோட்டும் பேசிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். ஓலை, மரம், நம்முடைய உடம்பு எல்லாமே அதில் அடக்கம். ட்ரோனுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் உடம்பே மறைப்பு.

தென்னை வட்டுக்குச் சற்று மேலே ட்ரோன் கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகு ஏன் படம் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். அலை நூல் பிடித்ததுபோல ஒரு கோட்டில் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு வாழைப்பூ வடிவத்தில் இடம் பிடித்துக்கொண்டு போகும். 500 மீற்றர் தூரத்துக்கு அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 4 மீற்றர் ஆரம் இருக்கும். அந்த இடத்துக்குள் ஓலை புகுந்தாலும் சிக்னல் தளரும். வாவியின் நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்தாலும் இதே கதைதான். அங்கே தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதிக்கொள்ளும். ஐந்தாறு மீற்றர் மேலே ஏற்றினால் பெரும்பாலும் படம் தெளிந்துவிடும். 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குக் கீழே நுழைந்து படமெடுக்கும் ஆசை பலருக்கு உண்டு. அங்கே படமும் போகும், ஜி.பி.எஸ்ஸும் போகும். கைவிட்டால் மிதக்கும் என்று நான் மேலே சொன்னதை அந்த இடத்தில் நம்பவேண்டாம்.

ரிமோட்டின் ஆண்டெனாவைத் துப்பாக்கி நீட்டுவதுபோல ட்ரோனை நோக்கி நீட்டுகிறார்கள். ஆண்டெனாவின் நுனியிலிருந்துதான் அலை மிகக் குறைவாகப் போகும். உள்ளங்கையைக் காட்டுவதுபோல அதன் தட்டைப் பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும். ஆண்டெனா உள்ளே மறைந்திருக்கும் ரிமோட்டென்றால் எந்த முகத்தைக் காட்டுவது என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். தலைக்கு நேர் மேலே பறக்கும்போது படம் தடுமாறினால் ரிமோட்டையே சாய்த்துப் பிடியுங்கள்.

கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம், மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம் போன்ற நாட்களில் வீதி முழுக்கப் போன்கள், நேரலை செய்வோரின் வைஃபைக் கருவிகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை நெரிந்துபோயிருக்கும். செயலியில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். அதன் அலைநீளம் 5 சென்ரிமீற்றர்தான், ஓலைகளைத் தாண்டாது, தூரமும் போகாது. கிட்டடிக்கு நல்லது. சனத்தின் தலைக்கு மேலே எடுக்கவே கூடாது, ஒதுக்கமாக நின்று எடுங்கள்.

போன் விடயம் சுருக்கமாக. பறக்க முன் விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் வரும் ஒரு வட்ஸ்அப் அழைப்பு செயலியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். மத்தியான வெயிலில் முழு வெளிச்சத்தில் வைத்தால் போன் சூடேறித் திரையை மங்கலாக்கும், செயலியை மூடியும்விடும். அப்போது ரிமோட்டை நிறுத்தாதீர்கள். கேபிளைக் கழற்றி, செயலியை மூடித் திறந்து, மறுபடி கொளுவுங்கள். சார்ஜுக்கு மட்டும் உதவும் கேபிள்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன, அவற்றில் படம் வரவே வராது. வைஃபையில் நேரடியாக இணையும் ட்ரோன்களில் வேறொரு சிக்கல்: 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை நிறுத்திவைத்தால் போதும்.

கமராப் பக்கப் பிழைக்கு வருகிறேன். கமராவைக் கீழே சாய்க்கும்போது மட்டும் படம் கறுத்து, நிமிர்த்தியதும் திரும்பி வருகிறதென்றால் நான் திறக்க முன்னமே சொல்லிவிடுவேன். கமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலுக்குள் நாடா போன்ற மெல்லிய கேபிள் மடிந்து மடிந்து போகும். உருப்பெருக்கியில் பார்த்தால் மடிப்பின் விளிம்பில் தலைமுடி அளவில் ஒரு வெடிப்பு. சாயும்போது அது வாய் திறக்கும், நிமிரும்போது மூடிக்கொள்ளும். ஒரு முறை மணலில் மோதியிருந்தாலே போதும். மோதிய பிறகு தூரம் குறைந்துவிட்டது என்றால், கால்களைப் பாருங்கள், சில ட்ரோன்களுக்கு ஆண்டெனா கால்களுக்குள்தான் ஓடுகிறது. கடற்கரையிலேயே பறந்த ட்ரோன்களின் ஆண்டெனா முனையில் பச்சை பூத்திருப்பதையும் அடிக்கடி காண்கிறேன், அது உப்புக்காற்றின் வேலை.

கலியாண வீடு எடுக்கும் தம்பிமாருக்கு: மெமரி கார்ட் போட்ட ட்ரோனில், திரையில் படம் போனாலும் பதிவு கார்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காட்சி தவறிவிட்டதே என்று பதறி எதையும் அழுத்தவேண்டாம்.

வீடு திரும்பும் உயரத்தைப் பறக்க முன் சுற்றிப் பார்த்து வையுங்கள். அந்த வளவிலுள்ள தென்னைக்கும் கோபுரத்துக்கும் மேலே இருக்க வேண்டும். அதற்காக 120 மீற்றர் வைத்துவிடுகிறார்கள், நாவலடித் தம்பியும் அப்படித்தான் வைத்திருந்தார். மேலே போகப் போகக் காற்றும் கூடும், பற்றறியும் தீரும். மினி 2 போன்றவை தாங்குவது வினாடிக்கு 10.5 மீற்றர் வரையான காற்றைத்தான். வாவியில் தோணியிலிருந்து ஏற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ட்ரோனுக்கு வீடு என்பது அது கிளம்பிய புள்ளி. தோணி நகர்ந்துவிட்டால் அது தண்ணீரில்தான் இறங்கும். செயலியில் வீட்டுப் புள்ளியை ரிமோட் இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும், கண்பார்வைக்குள் பறத்தல் என்ற விதியும் நமக்கு வெறும் கடதாசி அல்ல. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை இந்த ஊர் மறக்கவில்லை. அந்த வாரமே நாடு முழுவதும் ட்ரோன்களை நிறுத்தினார்கள். யாருடையது என்று தெரியாத ஒன்று வளவுக்குள் வந்து விழுந்தால், அந்த வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

தண்ணீரில் விழுந்தே விட்டதா? செயலியிலுள்ள கடைசிப் புள்ளியைத் திரைப்பிடிப்பு எடுத்து மீனவர் யாரிடமாவது காட்டுங்கள், அந்த இடத்தின் ஆழமும் நீரோட்டமும் அவர்களுக்குத் தெரியும். கைக்கு வந்தால் ஒருபோதும் ஒன் செய்யாதீர்கள். பற்றறியைக் கழற்றிவிட்டு, ட்ரோனை நல்ல தண்ணீரில் அலசி, உடனே கொண்டுவாருங்கள். உப்புத்தண்ணீர் குடித்த பற்றறியைச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கலாம், வீட்டுக்குள் வைக்கவும் கூடாது. ட்ரோனைத் திருத்திக் கொடுப்பேன், அந்தப் பற்றறியை மட்டும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை.