ஒலிபெருக்கியில் வராத பெயர்: தன்மோக ஆளுமை பற்றி

மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக நான் இருக்கும் அறைக்குத் தன்மோக ஆளுமை (நார்சிசிசம்: தன்னையே பெரிதாக எண்ணி, பிறர் பாராட்டுக்கு ஏங்கும் இயல்பு) உடையவர்கள் தாமாக வருவது மிகக் குறைவு. அவர்களோடு வாழ்ந்து களைத்துப்போன மனைவியரும் பிள்ளைகளுமே பெரும்பாலும் வருகிறார்கள். "வெளியில எல்லாருக்கும் தங்கமான மனுசன், மிஸ்" என்றுதான் பலரும் தொடங்குவார்கள். கீழே வருபவர் ஒரு தனி மனிதர் அல்லர். பலரிடம் கண்டதை அடையாளம் மாற்றி ஒருவராக்கியிருக்கிறேன்.

கோயில் திருவிழாவில் உபயகாரர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தபோது அவருடைய பெயர் விடுபட்டுப் போனது. கோயில் நிர்வாகியான வண்ணக்கர் அப்போதே வருத்தம் தெரிவித்து, மறுபடியும் வாசிக்கச் செய்தார். ஆயினும் பெயர் விடுபட்டவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் மனைவியோடு பேசவில்லை. அங்கு நின்றும் அவள் ஏன் எழும்பிக் கேட்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. அவள் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

இதைத் தலைக்கனம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். தலைக்கனம் பிடித்தவர் ஊர் என்ன சொன்னாலும் பொருட்படுத்தமாட்டார். இவருக்கோ ஊரார் வாயிலிருந்து வரும் சொல்தான் அன்றாட உணவு, அது ஒரு வேளை தவறினாலும் தாங்கமாட்டார். இந்த ஆளுமைக் கோளாறு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 1980 இல் இடம்பெற்றது. 2013 இல் வந்த ஐந்தாம் பதிப்பு, தன்னை மிகைப்படுத்தல், பிறரைப் பயன்படுத்திக்கொள்ளல், பிறர் நோவை உணராமை, பொறாமை முதலான 9 இயல்புகளைச் சொல்லி, அவற்றுள் குறைந்தது 5 நீடித்துக் காணப்பட வேண்டும் என்கிறது. முகநூலில் நாளுக்கு நான்கு படம் போடும் தம்பியை இதில் சேர்க்க வேண்டாம். அதேவேளை, சத்தமே போடாமல், தன்னை ஒருவரும் மதிக்கவில்லை என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பவரிடமும் இது இருக்கலாம்.

இதன் வேரைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிறுவயதில் கிடைக்க வேண்டிய பரிவான கவனிப்பு கிடைக்காததையே ஹெய்ன்ஸ் கோஹுட் முதன்மைப்படுத்தினார்; ஓட்டோ கெர்ன்பெர்க் உள்ளே அடங்கிக் கிடக்கும் சினத்தையும் பொறாமையையும் முன்வைத்தார். நான் அறையில் அதிகம் கண்டது வெட்கத்தைத்தான். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், வீடு மனைவியின் பெயரில் எழுதப்படுவதும் வழக்கம். இவ்வழக்கம் இக்கோளாற்றை உண்டாக்குவதில்லை; ஆனால் ஏற்கனவே வெட்கத்தைப் பொத்தி வைத்திருப்பவருக்கு, மாமியார் வாசலில் நின்று கேட்கும் சாதாரணக் கேள்விகூட அவமதிப்பாகிவிடுகிறது.

காரணம் விளங்கியதற்காக மனைவி அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "உங்களுக்கு இந்த வருத்தம்தான்" என்று அவரிடம் வாதாடுவதைவிட, எதைப் பொறுக்கமாட்டேன் என்பதை அமைதியாகச் சொல்லி, அதில் நிற்பதே பயன்தரும். கை நீட்டினால் பொலிஸிலுள்ள சிறுவர், பெண்கள் பிரிவை நாடலாம். மனம் சோர்ந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். இக்கோளாற்றுக்கெனத் தனி மாத்திரை இல்லை. நீண்டகால உளச்சிகிச்சையே வழி.

அவர் என்னிடம் வந்த முதல் நாள், "உங்களுக்கு எத்தனை வருச சேர்விஸ்?" என்று கேட்ட பிறகே கதிரையில் அமர்ந்தார். ஐந்தாம் முறை வந்தபோது தம் சாதாரண தரப் பெறுபேற்றைப் பற்றிச் சொன்னார்: 8 பாடத்தில் ஏ, ஒன்றில் பி. தகப்பன் தாளைப் பார்த்துவிட்டு அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கேட்டாராம். "அண்டைக்குக் கோயிலில பேர் வாசிக்கக்குள்ளயும் அப்பாட முகம்தான் வந்திச்சி, மிஸ்" என்றவர், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதை மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.