மலைக்காற்றில் ஐஸ் கட்டும் கார்புரேட்டர்

வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறார்: "சத்திரத்தில் விமானம் இறங்கியதை அப்பா போய்ப் பார்த்தாராம். நடுவானில் இன்ஜின் இழுக்காமல் போனால் பைலட் முதலில் எதைப் பார்ப்பார்? குமுளி ஏற்றத்தில் மாமாவின் பழைய பைக் திணறுகிற மாதிரி விமானமும் திணறுமா?"

புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடந்து போனவர்களுக்கு, கேரளத்தில் வண்டிப்பெரியாற்றுக்குப் பக்கத்தில் உள்ள சத்திரம் என்ற ஊர் தெரிந்த இடம்தான். 2022 டிசம்பர் 1 அன்று அங்குள்ள ஓடுபாதையில் என்சிசி-யின் வைரஸ் எஸ்டபிள்யூ 80 என்ற குட்டி விமானம் முதன்முதலாக இறங்கியது. அதில் இருப்பது 80 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் இன்ஜின். பழைய பைக்கைப் போலவே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த இன்ஜின். அதனால் மாமாவின் பைக்கை நினைத்துப் பார்த்தது சரியான இடத்தில்தான் தொட்டிருக்கிறது.

இழுவை குறைந்ததும் பைலட் முதலில் பார்ப்பது வேகத்தை. மூக்கைச் சரியாக வைத்து, விமானம் நன்றாக மிதந்து இறங்கும் வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். செஸ்னா 152 என்ற சிறிய பயிற்சி விமானத்துக்கு அது 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். இன்ஜின் அடங்கினாலும் விமானம் கல் போல விழாது, யோசிக்க நேரம் கொடுக்கும். அப்புறம்தான் மற்றது. பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா? கலவையில் பெட்ரோல் போதுமா? பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களின் சாவி, இரண்டும் இயங்கும் நிலையில் இருக்கிறதா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இன்ஜினுக்கு இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. ஒன்று போனாலும் இன்னொன்று ஓட்டும். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று புறப்படும் முன்பே கொஞ்சம் பெட்ரோலை வடித்துப் பார்த்திருப்பார்கள். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். அது கோளாறு அல்ல, இயல்பு.

இத்தனை சோதனைகளோடு, பைலட்டின் கை உடனே போகும் இன்னொரு குமிழ் உண்டு: கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட். இதைப் பற்றித்தான் எனக்கு விரிவாகச் சொல்ல ஆசை. வெளியே 20 டிகிரி இருக்கும்போதே இன்ஜினுக்குள் பனிக்கட்டி வளரும் என்று முதலில் கேட்கிறவர்கள் யாரும் நம்புவதில்லை.

பரோட்டா அடுப்பு எரியும் கடையில் பெரிய காஸ் சிலிண்டரின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருக்கும், சில நேரம் வெள்ளையாக உறைந்தும் இருக்கும். உள்ளே திரவம் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிடமிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. கார்புரேட்டரிலும் அதேதான். பெட்ரோல் துளிகள் காற்றில் ஆவியாகின்றன. வெப்பம் அந்தக் காற்றிடமிருந்தே போகிறது.

எவ்வளவு குளிரும் என்று கணக்குப் போடலாம். ஒரு கிராம் பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 ஜூல் வெப்பம் வேண்டும். அதோடு கலப்பது சுமார் 15 கிராம் காற்று. ஒரு கிராம் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒரு ஜூல் கிடைக்கும். 350-ஐ 15-ஆல் வகுத்தால் 23 டிகிரி! எல்லாப் பெட்ரோலும் அந்த இடத்திலேயே ஆவியாகிவிடாது, காற்றிலுள்ள நீராவி நீராகும்போது கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பியும் தரும். ஆனாலும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது இன்னும் சில டிகிரி குறைகிறது. இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகடு பாதி மூடியிருந்தால், அதன் விளிம்பைச் சுற்றிப் போகும் காற்று மேலும் குளிர்கிறது. அதனால்தான் சக்தியைக் குறைத்து இறங்க வரும் நேரத்தில் ஆபத்து அதிகம்.

ஈரம்தான் இதில் இன்னொரு கூட்டாளி. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்ஜியத்தில் 5 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் தகட்டின் மேல் படிந்து உறைகிறது. தேயிலைக் காட்டில் மஞ்சு இறங்கும் மாலை நேரத்துக் காற்று இதற்கென்றே செய்தது போல இருக்கும். அமெரிக்க விமானத் துறையின் கையேடு, 38 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்தில்கூட இது நடக்கலாம் என்கிறது.

அடையாளம் மெல்லத்தான் தெரியும். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்; பிறகு இன்ஜின் குலுங்கும். குமிழை இழுத்தால், புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் வரும். அந்த நொடியில் ஆர்பிஎம் இன்னும் இறங்கும்! சூடான காற்று மெலிந்தது, கலவையில் பெட்ரோல் கூடிவிடுகிறது. கட்டி உருகிய தண்ணீரும் உள்ளே போவதால் இன்ஜின் முன்பைவிட மோசமாகக் குலுங்கும். புதியவர்கள் பயந்துபோய்க் குமிழை உள்ளே தள்ளிவிடுவார்கள். தள்ளக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால் குலுக்கல் நின்று, முள் மேலே ஏறும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு முதல் அறிகுறியே நோய் கூடுவதுதான். எனக்கு இதைவிடப் பிடித்த இயந்திர நடத்தை வேறில்லை.

இன்னொன்றும் உண்டு. இன்ஜின் நின்று விமானம் வயலில் இறங்கிவிட்டால், இன்ஜின் சூட்டில் கட்டி உருகிவிடும். பிரித்துப் பார்க்கிறவருக்குக் குறையில்லாத கார்புரேட்டர்தான் கிடைக்கும். "எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் நின்றுவிட்டது" என்றதும் கண்ணேறு, கெட்ட நேரம், மலையின் கோபம் என்று பேச்சு போகும். எலுமிச்சையும் மிளகாயும் கட்டுகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. காரணம் தேடுவதை அதோடு நிறுத்திவிடுவதுதான் மனதை வருத்துகிறது. அந்த நேரத்து வெப்பநிலையும், காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிப்புள்ளியும் பதிவாகியிருந்தால் உருகிப்போன கட்டியைக்கூட ஊகித்துவிடலாம். தோட்டங்களில் மழையை அளந்து எழுதும் பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. ஈரப்பதத்தையும் மணிக்கு மணி பதிவு செய்யும் தானியங்கிக் கருவிகள் இந்த மலையெங்கும் வேண்டும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கு ஆகும் செலவு சிறியது.

மாமாவின் பைக்குக்கு வருவோம். குளிர்ந்த ஈரக்காற்றில் பைக் கார்புரேட்டரிலும் ஐஸ் கட்டும். ஆனால் ஏற்றத்தில் மட்டும், நல்ல வெயிலிலும் திணறினால் முதலில் ஏர் ஃபில்டரையும் கிளட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். புது பைக் என்றால் ஐஸ் பற்றிய கவலை அநேகமாக வேண்டாம்: 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டரே இல்லை, பெட்ரோலை சிலிண்டரின் வாசலிலேயே பீய்ச்சுகிறார்கள். அங்கே உலோகம் சூடாக இருப்பதால் கட்டி பிடிக்க இடமில்லை.