கடலில் சிக்கினால் யார் கண்ணில் படுவோம்?

கடலில் உயிர்தப்பும் பயிற்சி வகுப்பைத் தொடங்கும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். "படகு கவிழ்ந்துவிட்டது, நீங்கள் தண்ணீரில் கிடக்கிறீர்கள். அடுத்து என்ன நடக்கும்?" கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். சிங்கப்பூரிலேயே வளர்ந்து, சனி ஞாயிறு தூண்டில் போடப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். போன மாதம் பொங்கோலில் இருந்து வந்த ஒரு தம்பி சொன்னது: "அண்ணே, இது நம்ம ஊரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பல்தான். ஒருத்தராவது பார்த்திட மாட்டாங்களா?"

பயிற்சி கொடுக்க வருவதற்கு முன் பதினான்கு வருடம் கப்பலில் இருந்தேன். சிங்கப்பூர் நீரிணையை பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேல்தளத்தில், நின்றபடி எத்தனை முறை கடந்தேன் என்று கணக்கே இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலும் பார்க்க மாட்டோம். மனசு இல்லாமல் இல்லை, கண்ணுக்கே எட்டாது.

பெரிய சரக்குக் கப்பலின் பிரிட்ஜ் பின்பக்கம் இருக்கும். முன்னால் கொள்கலன்கள் மலை மாதிரி அடுக்கியிருக்கும். கப்பலின் மூக்குக்கு முன்னால் உள்ள கடல்பரப்பு அங்கிருந்து தெரியாது. இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதுவரை அப்படி மறைந்திருக்கலாம் என்று சர்வதேச விதியே இடம் தருகிறது. அதைத் தாண்டியும் அலைக்கு நடுவில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். சின்ன ஃபைபர் படகு ரேடாரில் அலையோடு அலையாகக் கலந்துவிடும், மழை வந்தால் சுத்தமாக மறைந்தே போகும். இரவில் கரை விளக்குகளும் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளும் சேர்ந்து கண்ணைக் கூசும்போது உங்கள் கையிலுள்ள போன் வெளிச்சம் யாருக்குத் தெரியும்? தெரிந்தே விட்டாலும் சரக்கு ஏற்றிய டேங்கர் நிற்பதற்குச் சில கிலோமீட்டர் வேண்டும்.

பூன் லிம் என்ற மனிதரைப் பற்றி அந்தத் தம்பிக்குச் சொன்னேன். ஹைனான் தீவுக்காரர், நம் காப்பிக்கடைகள் பலவற்றைத் தொடங்கியவர்களின் ஊர். பிரிட்டிஷ் கப்பல் ஒன்றில் பணியாளராக இருந்தார். 1942 நவம்பர் 23 அன்று அட்லாண்டிக்கில் அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தகர்த்தது. மரத்தெப்பம் ஒன்றில் தனியாக 133 நாள் மிதந்தார். டார்ச் லைட்டின் உள்கம்பியை வளைத்துத் தூண்டில்முள் செய்தார், கித்தானை விரித்து மழைநீர் பிடித்தார். 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தபோது யார் துணையும் இல்லாமல் நடந்தார். கேட்பவர்கள் மீன் பிடித்த கதையில் வாய்பிளப்பார்கள். நான் நிறுத்தி நிதானமாகச் சொல்வது வேறொன்று. இடையில் ஒரு சரக்குக் கப்பல் அவர் பக்கமாக வந்தது, நிற்காமல் போய்விட்டது. விமானங்களும் மேலே பறந்தன. அதற்குப் பிறகும் அவர் பல வாரம் மிதக்க வேண்டியிருந்தது.

அது போர்க்காலம் என்று விட்டுவிட வேண்டாம். 2022 ஏப்ரலில், இங்கிருந்து வாரக்கடைசிக்கு நம்மில் பலர் போகும் மலேசியாவின் மெர்சிங் கடலில், முக்குளிக்கப் போன நான்கு பேர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. பயிற்றுநர் மறுநாள் கிடைத்தார். நீரோட்டம் மற்றவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. சுமார் இரண்டரை நாள் கழித்து மீனவர்கள் இருவரை உயிரோடு மீட்டார்கள். அவர்களோடு இருந்த சிறுவன் பிழைக்கவில்லை. கப்பல்கள் ஓடும் கடல்தான் அதுவும். இதை வகுப்பில் சொல்லும்போது இன்னும் எனக்குக் குரல் கம்மும்.

அதனால்தான் என் வகுப்பில் சாப்பாட்டுப் பேச்சு கடைசியில் வரும். முதலில் மிதப்பது, அடுத்து கண்ணில் படுவது, அப்புறம் தண்ணீர்.

மிதப்பதற்கு லைஃப் ஜாக்கெட். இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட் எதற்கும் உதவாது, உடம்பில் இருக்க வேண்டும். சுமத்ரா ஸ்குவால் என்று நாம் சொல்லும் திடீர்க் காற்றுமழை பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து வந்து அடிக்கும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கடலில் இருக்கும் நேரமும் அதுதான். படகு ஆடத் தொடங்கிய பிறகு ஜாக்கெட்டின் வாரை மாட்டிப் பாருங்கள், விரல் ஒத்துழைக்காது.

கவிழ்ந்த படகு மிதக்கும்வரை அதை விட்டுப் போகாதீர்கள். செயின்ட் ஜான்ஸ் தீவோ உபின் தீவோ கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், நீந்திவிடலாம் என்று தோன்றும். நீரோட்டம் மூன்று நாட் வேகத்தில் ஓடினால் அது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். நன்றாக நீந்துகிறவர்கூட ஒரு மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போவது கடினம். கவிழ்ந்த படகு ஒரு தலையைவிட எத்தனையோ மடங்கு பெரிதாகத் தெரியும், பிடித்துக்கொள்ளவும் இடம் இருக்கும். நம் கடல் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஓர் இரவு முழுக்கக் கிடந்தால் இங்கேயும் உடம்பு நடுங்கும். உடம்பின் எவ்வளவு பகுதியை மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு நல்லது. பலர் இருந்தால் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, குழந்தையை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணில் படுவதற்குக் கையில் இருக்க வேண்டியவை சின்னச் சின்னப் பொருள்கள். ஜாக்கெட்டில் கட்டிய விசில், ஒரு சின்னக் கண்ணாடி, தண்ணீர் புகாத விளக்கு. வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத் திருப்பினால் பல கிலோமீட்டருக்கு மின்னும். உடை ஆரஞ்சிலோ மஞ்சளிலோ இருக்கட்டும். நீலம் கடலில் கரைந்துவிடும், வெள்ளை அலை நுரையாகத் தெரியும். ஃப்ளேர் என்ற அபாய விளக்குத்திரி வைத்திருந்தால் ஆத்திரத்தில் கொளுத்தாதீர்கள். கப்பல் உங்கள் பக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகு, காற்று அடித்துச் செல்லும் திசைக்குக் கையை நீட்டிக் கொளுத்துங்கள். படகில் விஹெச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனலில் உதவி கேளுங்கள். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் இரவு பகலாக இயங்குகிறது. செல்போனை மட்டும் நம்ப முடியாது, தெற்குத் தீவுகளைத் தாண்டினாலே இந்தோனேசிய சிக்னலைப் பிடிக்கும். அடிக்கடி போகிறவர்கள் செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் காட்டும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் வாங்கிப் பதிவு செய்து வையுங்கள். தூண்டில்கோலுக்கு எவ்வளவு செலவு செய்கிறோம், இதற்கு யோசிக்கலாமா?

இனி தண்ணீர். கப்பலின் உயிர்காப்பு ராஃப்டில், அதாவது காற்றடைத்த ரப்பர் மிதவையில், தலைக்கு ஒன்றரை லிட்டர் வைத்திருப்பார்கள். முதல் 24 மணி நேரம் காயம்பட்டவர், நோயாளி தவிர யாருக்கும் கொடுப்பதில்லை. அதுவரை உடம்பில் போதிய நீர் இருக்கும், குடிப்பது சிறுநீராக வெளியேறிவிடும். மறுநாளிலிருந்து நாளுக்கு அரை லிட்டர், மூன்று வேளையாக. ராஃப்டில் ஏறியதும் எல்லாரும் வாந்தித் தடுப்பு மாத்திரை போட வேண்டும். இருபது வருடம் கடலில் இருந்தவருக்கும் அந்த ரப்பர் வாடையும் ஆட்டமும் சேர்ந்தால் குமட்டும். வாந்தியில் போகும் தண்ணீரைத் திரும்பப் பெற வழியில்லை, அதோடு பிழைக்கும் ஆசையும் போய்விடும். மழை வந்தால் துணியிலும் கூரையிலும் படிந்த உப்பை முதல் மழையில் கழுவிக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு பிடியுங்கள்.

கடல்நீரை ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகம் அவ்வளவு கெட்டியாக உப்பை வெளியே தள்ளாது. ஒரு லிட்டர் குடித்தால் அந்த உப்பைக் கழிக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் சிறுநீர் போக வேண்டும், மிச்சம் உங்கள் உடம்பிலிருந்தே உருவப்படும். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளைப் பின்னர் ஆராய்ந்தார்கள். கடல்நீர் குடித்த படகுகளில் 100-க்குச் சுமார் 39 பேர் இறந்திருந்தார்கள். குடிக்காத படகுகளில் சுமார் 3 பேர்.

ரூஸ்பூம் கப்பலின் கதையைச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1942-இல் சிங்கப்பூர் விழுந்த சமயத்தில் தப்பிய பலர் சுமத்ராவின் பாடாங்கிலிருந்து கொழும்புக்கு அதில் ஏறினார்கள். மார்ச் தொடக்கத்தில் ஜப்பானிய நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 28 பேருக்கான ஒரே படகில் 80-க்கும் மேற்பட்டோர். கிட்டத்தட்ட நான்கு வாரம் மிதந்து, சுமத்ராவுக்கு மேற்கே ஒரு தீவில் அது ஒதுங்கியபோது விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களே மிஞ்சியிருந்தார்கள். தாகம் தாங்காமல் கடல்நீர் குடித்துப் புத்தி பேதலித்தவர்கள், தாங்களே கடலில் இறங்கிப் போனவர்கள் எத்தனையோ. கடல்நீர் முதலில் அறிவைத்தான் தின்னும். ஒருவர் ரகசியமாகக் கையை நனைத்து நக்கத் தொடங்கினால் மற்றவர் தடுக்க வேண்டும். அதற்காகவே ராஃப்டில் ஆளுக்கொரு வேலை கொடுக்கச் சொல்கிறேன்: ஒருவர் காவல், ஒருவர் தண்ணீர்க் கணக்கு, ஒருவர் நீர் இறைப்பது. பூன் லிம் தனியாக இருந்தும் கயிற்றில் முடிச்சுப் போட்டு நாள் எண்ணினார், கடல் அமைதியாக இருந்தால் தெப்பத்தைச் சுற்றி நீந்தினார்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், பசி அத்தனை சீக்கிரம் கொல்லாது. குடிக்க நீர் இல்லாதபோது மீனோ இறைச்சியோ தின்னாதீர்கள், அதைச் செரிக்கவே உடம்பு நீர் கேட்கும்.

கடைசியாக, காப்பாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தவரைக் கையைப் பிடித்து நிமிர்த்தித் தூக்காதீர்கள். தண்ணீரின் அழுத்தம் விலகியதும் ரத்த அழுத்தம் சட்டென இறங்கி, மீட்ட கையிலேயே உயிர் போன சம்பவங்கள் உண்டு. முடிந்தவரை படுக்கைவாட்டில் ஏற்றுங்கள். ஈரத்தை மாற்றிப் போர்த்துங்கள், நடக்க விடாதீர்கள். நல்ல நினைவோடு இருந்தால் தண்ணீரை வாய் வாயாகக் கொடுங்கள். பல நாள் பட்டினி கிடந்தவர் என்றால் பாசத்தில் பிரியாணி, பரோட்டா எதுவும் ஊட்ட வேண்டாம். ரத்தத்தின் உப்புச் சத்துகள் தலைகீழாகி இதயம் நின்றுவிடலாம். மருத்துவர் பார்க்கும்வரை படுத்தபடியே இருக்கட்டும்.