குலுக்கிய சட்டி, அழுகிய சட்டி

பின்நேரம் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரைக்குப் போனால் அச்சாறு வண்டிக்காரரின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீட்டு நீட்டாக வெட்டிய மாங்காயைப் பிளாஸ்டிக் சட்டியில் போட்டு, உப்பு, மிளகாய்த்தூள், சீனி தூவி, கொஞ்சம் வினாகிரி விட்டு, மூடியை இறுக்கி இரண்டு கையாலும் குலுக்குவார். கரண்டியே கிடையாது.

என்னிடம் ஆங்கிலம் படிக்கும் ஒரு பொடியன் ஒருநாள் சலித்துக்கொண்டான். "சேர், மிக்ஸ்ச்சர் எண்டாலும் கலவை, மெட்லி எண்டாலும் கலவை, ஹொட்ச்பொட்ச் எண்டாலும் கலவை. பிறகு என்னத்துக்கு இத்தினை சொல்லு?"

நியாயமான கேள்வி. அவன் கையில் இருந்த அகராதியும் அவன் பக்கம்தான் நின்றது. நான் அவனுக்கு அந்த அச்சாறுச் சட்டியைத்தான் ஞாபகப்படுத்தினேன்.

ஹொட்ச்பொட்ச் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். முன்பாதி குலுக்குதல், பின்பாதி சட்டி. இறைச்சியையும் மரக்கறியையும் ஒன்றாகப் போட்டு ஆக்கிய கறிக்கு அந்தப் பெயர். இங்கிலாந்துக்குப் போன பிறகு அது அடுப்படியோடு நிற்கவில்லை, நீதிமன்றத்துக்குள்ளும் ஏறிவிட்டது. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் 'ஹொட்ச்பொட்' என்றால் சொத்துப் பிரிக்கும் ஒரு முறை. அதை நம்மூர் வயலில் வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகளுக்குக் கலியாணத்தின்போதே 3 ஏக்கர் எழுதிவிட்டார். அவர் கண்மூடும்போது மிச்சம் 9 ஏக்கர். மகளுடைய மூன்றையும் கணக்கில் திரும்பச் சட்டிக்குள் போட்டால் 12, ஆளுக்கு 4. மகள் முன்பே 3 வாங்கியவள் என்பதால் இப்போது அவளுக்கு 1 ஏக்கர்தான், மற்ற இருவருக்கும் நாலு நாலு. கறிச்சட்டிக்குள் இவ்வளவு நீதி இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

பொட் எப்படிப் பொட்ச் ஆனது? முன்பாதியோடு எதுகை சேர்வதற்காகத்தான். பிறகு அதுவே ஹொஜ்பொஜ் என்றும் மாறியது. ஒழுங்கில்லாததைச் சொல்லும் சொற்கள் இப்படி இரட்டையாக ஆடுவது நமக்குப் புதிதல்ல: தாறுமாறு, கன்னாபின்னா, ஏறுக்குமாறு. ஆங்கிலத்தில் இன்னொரு வகையும் உண்டு. மிஷ்மாஷ், ஸிக்ஸாக் மாதிரிச் சொற்களில் மெய்யெழுத்து அப்படியே நிற்க, உயிர் மட்டும் மாறும். 'இ' ஓசைதான் முன்னே வரும். மாஷ்மிஷ் என்று சொல்லிப் பாருங்கள், எங்கோ இடறும்.

சரி, பொடியனின் கேள்விக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத கலப்புக்கு முதலில் பேரே இருப்பதில்லை. கையால் செய்யும் ஒரு வேலையின் பேரைக் கடன் வாங்குகிறோம். நாளடைவில் அந்த வேலை மறந்துபோகும், ஆனால் அதன் மணம் சொல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குலுக்கியதில் எது மேலே, எது கீழே என்று கிடையாது. அதனால்தான் ஹொட்ச்பொட்ச் என்றால் இன்றைக்கும் ஒழுங்கில்லாத கலவை.

கண்டதையும் சேர்த்த குப்பைக் கலவையைக் குறிக்கும் ஃபராகோ என்ற ஆங்கிலச் சொல்லையும் பாருங்கள். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தானியத் தீவனம். 2017 இல் இந்திய அரசியல்வாதி சசி தரூர், தன்மேல் வந்த குற்றச்சாட்டுகளை இந்தச் சொல்லால் ட்விட்டரில் சாடியபோது ஆட்கள் அகராதியைத் தேடி ஓடினார்கள். அதில் இகழ்ச்சி இருப்பது ஏன் என்பதற்கு மாட்டுத் தொட்டியே விடை. மாறாக, பாடல் தொகுப்பைக் குறிக்கும் அந்தொலொஜி என்ற கிரேக்கச் சொல் பூக்கொய்தல் என்ற பொருளில் பிறந்தது. அதில் ஒரு பாராட்டுத் தொனி உண்டு. பல பூவும் சேர்த்துத் தொடுத்த மாலையைக் கதம்பம் என்கிற நமக்கு இது எளிதில் பிடிபடும்.

மணம் தலைகீழானதும் உண்டு. ஸ்பானியர் ஒரு கறிக்கு 'அழுகிய சட்டி' என்று பேர் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் 'போபூரி' என்றார்கள். ஆங்கிலத்தில் அது வாசனைக்காகக் கிண்ணத்தில் வைக்கும் காய்ந்த பூவிதழ்க் கலவையாகிவிட்டது. அழுகல் முழுதாகப் போய்விட்டது!

மெட்லியும் மெலேயும் 'கலந்த' என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளைகள். முன்னது இன்று பல பாட்டைத் தொடுத்துப் பாடுவதற்கும் பல வகை நீச்சலைச் சேர்த்து நீந்துவதற்கும் பேராகிவிட்டது, பின்னது அடிதடி. கலப்பது எப்படிச் சண்டையாகும் என்று பொடியன் புருவத்தைத் தூக்கினான். "கைகலப்பு எண்டு நாம என்னத்தச் சொல்றம்?" என்றேன். சிரித்துவிட்டான்.

இந்தச் சொற்களில் எதை எங்கே போடுவது என்பதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: சேர்த்ததைத் திரும்பப் பிரித்தெடுக்கலாமா? பல தோட்டத்துத் தேயிலையைச் சேர்த்துச் சுவை ஒன்றாக்கினால் ப்ளென்ட். எது எந்தத் தோட்டம் என்று இனி நாக்குக்குத் தெரியாது. டின்னுக்குள் வகைவகையாக அடுக்கிய பிஸ்கட் அசோர்ட்டட். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'வகைப்படுத்தல்' இருக்கிறது. அதே டின்னைப் பிள்ளைகள் கவிழ்த்துவிட்டால் ஜம்பிள். பொருள் ஒன்றுதான், கைதான் வேறு.

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரு கதை தேடப் போகக் கூடாது. மீன் கூட்டத்தை ஆங்கிலத்தில் ஸ்கூல் என்பார்கள். மீன்கள் வரிசையாகப் பள்ளிக்கூடம் போகின்றன என்று நானே ஒரு காலத்தில் வகுப்பில் அளந்திருக்கிறேன். தப்பு. அது கூட்டம் என்ற பொருளுள்ள டச்சுச் சொல். பள்ளிக்கூட ஸ்கூல் கிரேக்கத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஓசையில் வந்து முட்டிக்கொண்டன, அவ்வளவுதான். கரைவலைக்குள் அகப்பட்ட மீனுக்கு இரண்டும் ஒன்றுதான், அது வேறு விஷயம்.

பொடியனை அந்தக் கிழமையே கடற்கரையில் கண்டேன். சட்டியைக் குலுக்கி முடித்து மாங்காயைக் கடதாசிச் சுருளில் போட்டுக்கொண்டிருந்தார் வண்டிக்காரர். அச்சாறு பாரசீகச் சொல், வினாகிரி போர்த்துக்கேயச் சொல் என்று தொடங்கினேன். பொடியன் சுருளை என் பக்கம் நீட்டினான். "முதல்ல தின்னுங்க சேர், சாறெல்லாம் அடிக்கு இறங்குது."