மீட்டர் பெட்டிக்குள் ஒரு டிக் டிக்

போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் கார்ப் பட்டறையை அடைக்கிற நேரம். துணிக்கூரை போட்ட குட்டை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. இரண்டே சீட், 1990-களில் ஜப்பானில் செய்தது. இந்த மாதிரி வண்டிகளைத் திருநெல்வேலிச் சீமையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓட்டி வந்தவர் பாளையங்கோட்டைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். இறங்கின வேகத்தில் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, டேஷ்போர்டுக்குள்ள டிக் டிக்குன்னு ஒரு சத்தம் கேக்கு. நாலு மாசமாச்சு. எங்கன இருந்து வருதுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல."

அந்த நாலு மாதத்தில் இரண்டு இடத்தில் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் ஏசிக் காற்றை ஊதுகிற புளோயர் மோட்டார் மாற்றியாயிற்று, இன்னொரு இடத்தில் ரிலே என்கிற மின் சுவிட்சுகள் எல்லாம் புதுசு. டிக் டிக் அப்படியே இருந்தது. கூடவே மேடு பள்ளத்தில் கிரீச் என்று புதுச் சத்தம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அது கழற்றும்போது உடைந்த கிளிப்புகளின் வேலை. முப்பது வருடம் வெயில் குடித்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும்; இழுத்தால் காது காதாகப் பிய்ந்து வரும். பழைய வண்டியில் டேஷ்போர்டைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

நான் கேட்டது இதுதான்: "எங்கன இருந்துங்கிறத விடுங்க தம்பி. எப்பம் வருது?"

"எப்பவுந்தான் வருது."

பத்துக்கு ஒன்பது பேர் இந்தப் பதிலைத்தான் சொல்வார்கள். ஆனால் எப்போதும் வரும் சத்தம் என்று ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

டேஷ்போர்டு என்பது உள்ளே கூடான ஒரு பெட்டி. ஏசி காற்றுக் குழாய்கள், கம்பிக் கட்டுகள், ஸ்டீயரிங் தண்டு, பெடல்கள், அதற்குப் பின்னால் என்ஜினைப் பிரிக்கிற தகடு. எங்கோ ஒரு மூலையில் தட்டினால் காலிக் குடத்துக்குள் பேசினது மாதிரி பெட்டி முழுக்க முழங்கும், முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இடது மூலையில் இருப்பது வலது காதில் கேட்கும். என்ஜின் பக்கத்துச் சத்தம்கூட டேஷ்போர்டுக்குள் இருப்பது போலவே இருக்கும். அதனால் காதை வைத்து இடம் தேடினால் ஏமாந்து போவோம். நேரத்தைப் பிடித்துப் போனால் இடம் தானாக வந்து சேரும். என்ஜின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, சக்கரத்தோடா, ஏதாவது சுவிட்சைப் போட்டால்தானா, பெடலை மிதித்தால்தானா, மேடு பள்ளத்திலா, மத்தியான வெயிலில் மட்டுமா? அந்தத் தம்பியின் வண்டியை இப்படித்தான் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. முதலில் நின்ற இடத்திலேயே என்ஜினை ஓட்டி ஆக்ஸிலேட்டரை மூவாயிரம் சுற்று வரை ஏற்றினோம். சத்தம் இல்லை. அப்போதே என்ஜின் தப்பித்தது. ஏசி, புளோயர், வைப்பர், இண்டிகேட்டர், லைட் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்தோம். ஒன்றுமில்லை. புளோயரும் ரிலேயும் அங்கேயே கழிந்துவிட்டன. இந்தப் பத்து நிமிட வேலையை யாராவது முன்னமே செய்திருந்தால் அவ்வளவு செலவும் மிச்சம்.

அப்புறம் ரெட்டியார்பட்டி தாண்டி, நாங்குநேரி போகிற நாலுவழிச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் டிரையல். பதினைந்து கிலோமீட்டர் வேகம் தாண்டினதும் டிக்... டிக்... நாற்பதில் டிக்டிக்டிக். வண்டி வராத நேரம் பார்த்து நியூட்ரலில் விடச் சொன்னேன். என்ஜின் சுற்று சடாரென்று இறங்கி ஐடிலுக்கு வந்தது. டிக் டிக் இறங்கவில்லை. வண்டி வேகம் குறையக் குறையத்தான் அதுவும் மெல்ல மெல்ல அடங்கியது. ஆக, இது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சிலர் இந்தச் சோதனைக்கு ஓடுகிற வண்டியில் சாவியைத் திருப்பி என்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கும் கல்லாகிவிடும். நியூட்ரல் போதும், அதுவும் காலியான ரோட்டில் மட்டும்.

சக்கரத்தோடு சுற்றி டேஷ்போர்டுக்குள் வந்து முடிகிற பொருள் அந்தக் கால வண்டியில் ஒன்றே ஒன்று: ஸ்பீடோமீட்டர் கேபிள். இப்போது வருகிற வண்டிகளில் சென்சாரும் ஒயரும்தான். இதில் கியர்பாக்ஸிலிருந்து மீட்டர் வரைக்கும் ஒரு குழாய், அதற்குள்ளே முறுக்கின எஃகுக் கம்பி, முனை சதுரம். பழைய ஸ்கூட்டரில் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. ஜப்பான் மீட்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றும். அப்படியானால் 20 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 212, பதினைந்து விநாடிக்கு 53. ஊகத்தை எண்ணியே சரிபார்த்துவிடலாம். மீட்டர் முள் ஆடிக்கொண்டிருந்ததால் அதை நம்பாமல், போனில் ஜிபிஎஸ் வேகம் பார்த்து 20-இல் பிடிக்கச் சொன்னேன். இன்னொரு போனை மீட்டர் மேல் அழுத்தி ஒலிப்பதிவு. பட்டறைக்கு வந்து, அடுத்த ஆளாக என்னிடம் வேலை பழகுகிற பையன் அதை மெதுவாக ஓடவிட்டு எண்ணினான்.

"அம்பத்திரெண்டு அண்ணாச்சி."

"ஒண்ணு விட்டுட்ட. சரி, மீட்டரக் கழட்டுல."

முழு டேஷ்போர்டு அல்ல. மீட்டரைச் சுற்றியுள்ள மூடியும் நாலைந்து திருகாணியும்தான். கேபிளின் உள்கம்பியை உருவினால் கறுப்புப் பசையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. எப்போதோ வைத்த கிரீஸ், காய்ந்து தார் மாதிரி. கம்பியைத் துடைத்து மேஜையில் நீளமாகப் போட்டு, ஒரு முனையை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தேன். நல்ல கம்பி பாய் சுருட்டுவது போல சீராக உருளும். இது பாதிச் சுற்றில் தயங்கி, சட்டென்று துள்ளியது. தகட்டைத் தாண்டி உள்ளே வருகிற ரப்பர் வளையத்துக்குப் பக்கத்தில் கம்பி லேசாக மடிந்திருந்தது. சுற்றுக்கு ஒரு தடவை அந்த மடிப்பு குழாயை முட்டும். அதுதான் டிக். முள் ஆடியதும் அதனால்தான்.

பழைய அளவைக் கொடுத்து அதே நீளத்தில் புதுக் கேபிள் செய்து வாங்கினோம். மாட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: உள்கம்பிக்கு மெல்லிசாகத்தான் கிரீஸ், மீட்டர் பக்கம் கடைசி ஒரு சாணுக்கு ஒன்றுமே வேண்டாம். சுற்றுகிற கம்பி கிரீஸை மேலே ஏற்றிக் கொண்டுபோய் மீட்டருக்குள் ஊற்றிவிடும். அப்புறம் முள்ளே வேலை செய்யாது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். டிக் டிக் போன பிறகு மறு டிரையல். வண்டிக்குள் அமைதி. சிக்னலில் நின்று கிளம்பும்போது, இடது கால்மாட்டுக்கு மேலே களக் களக் என்று ஒன்று கேட்டது. குடத்திலிருந்து தண்ணீர் சாய்க்கிற சத்தம்.

"இது எத்தன நாளா கேக்கு?"

"இதா? ரொம்ப நாளா கேக்கு அண்ணாச்சி. ஏசித் தண்ணின்னு நெனச்சேன்."

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அதற்கு மேல் ஓட்டவிடவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டருக்கென்று சின்ன ரேடியேட்டர் ஒன்று உண்டு. நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் குமிழைத் தொட்டவர் யார்? அதனால் அப்படி ஒரு பொருள் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் அது வழியாகவும் சுற்றுகிறது. கூலன்ட் குறைந்து காற்றுப் புகுந்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது அந்தக் காற்றும் தண்ணீரும் கலந்து ஓடுகிற சத்தம் டேஷ்போர்டுக்குள் கேட்கும். என்ஜின் நன்றாக ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், அதில் அவசரமே கூடாது. ஆறு லிட்டர் பிடிக்கிற வண்டியில் ஒன்றேகால் லிட்டர் குறைவு. டெம்பரேச்சர் முள் மட்டும் சமர்த்தாக நடுவில் நின்றது. அந்த முள்ளை முழுக்க நம்பக் கூடாது. சென்சார் இருக்கிற இடத்தில் கூலன்ட் இல்லாமல் காற்று நின்றால், உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் அது ஒன்றும் சொல்லாது. இந்த வண்டியில் என்ஜினின் மேல்பாகமான ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் வளைந்துவிடும், பிறகு லட்சத்தில்தான் பேச்சு.

கைப்பம்பு வைத்துப் பிரஷர் ஏற்றினோம். நிற்காமல் இறங்கிக்கொண்டே வந்தது. ரேடியேட்டரில் குமிழி இல்லை என்பதால் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் தப்பித்தது என்று கொஞ்சம் ஆறுதல். டார்ச் அடித்துத் தேடியதில் என்ஜினுக்குப் பின்னால், தகட்டுக்குள் நுழைகிற ஹீட்டர் ஹோஸின் நுனியில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் படிவம். தொட்டதும் ரப்பர் பிளந்தது. சொட்டு சொட்டாகக் கசிந்து, சூட்டில் ஆவியாகி, தரையில் ஈரமே தெரியாமல் போயிருக்கிறது. இரண்டு ஹோஸும் மூடியும் மாற்றி, வாலை வடிநீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றிக் காற்றை எடுத்தோம். போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்துப் போர் தண்ணீரில் பாத்திரமே வெள்ளை படிகிறது, ரேடியேட்டர் என்ன பாடுபடும்?

நாலு மாதமாக எல்லாரும் துரத்தியது ஆபத்தில்லாத சத்தத்தை. என்ஜினைக் காவு வாங்கவிருந்தது ஏசித் தண்ணீர் என்ற பெயரில் சும்மா இருந்தது.

சாதாரணச் சத்தங்கள் நிறைய உண்டு, பயப்பட வேண்டாம். ஏசியை அணைத்ததும் கொஞ்ச நேரம் உஸ்ஸென்று கேட்பது கேஸ் சமனாவது. 2000-க்குப் பிந்தைய வண்டிகளில் சாவி போட்டதும் சில விநாடி டக் டக்கென்று அடித்து நின்றால், பெரும்பாலும் ஏசிக் காற்றின் வழியை மாற்றும் உள்கதவைத் திருப்புகிற குட்டி மோட்டாரில் பல் போயிருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்குப் புளோயரில் சருகு சரசரக்கும். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் ஒரு பல்பு போயிருக்கிறது, அவ்வளவுதான். துணிக்கூரை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் டிரையல் பார்க்காதீர்கள். கூரை படபடப்பதெல்லாம் டேஷ்போர்டுக்குள் கேட்கும், ஒரு நாள் முழுக்க வீணாகும். எனக்கு வீணானது.

ஆனால் இரண்டு சத்தத்துக்கு அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். ஒன்று, பிரேக்கை மிதிக்கும்போது கால்மாட்டில் நிற்காமல் வருகிற உஸ் சத்தம். கூடவே பெடல் கனமானால், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டரில் காற்று ஒழுகுகிறது. வீட்டிலேயே பார்க்கலாம்: என்ஜினை அணைத்துப் பெடலை நாலைந்து தடவை அமுக்கி, அமுக்கியபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பட்டறைக்கு வாருங்கள். காரையாறு மலைப்பாதையில் போய்ச் சோதித்துப் பார்க்காதீர்கள். இரண்டாவது, ஒயர் கருகின வாடையோடு வருகிற ஜிர்ர். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மற்றது. ஸ்டீரியோவுக்கும் கூடுதல் லைட்டுக்கும் ஒயரைக் கடித்து முறுக்கி டேப் சுற்றின வண்டிகளில் இது அடிக்கடி வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் முங்கின வண்டிகளிலும் இதே கதைதான். தாமிரபரணிக் கரையோரத் தெருக்களில் நின்ற எத்தனையோ வண்டிகள் கழுவிக் காயவைத்து ஓடுகின்றன. கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கார்பெட்டைத் தூக்கி, மீட்டர் கனெக்டரை உருவிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

சொந்தமாக மீட்டரைக் கழற்றும் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக் லைன். அதில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வெடித்தால் முகத்துக்கு நேரே.

ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பி போன் பண்ணினார். மறுபடியும் சத்தமாம்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ எப்பம்னு பாத்துட்டுதான் கூப்புடுதேன். இடப்பக்கம் திரும்பினா ஒரு தடவ உருளுது. வலப்பக்கம் திரும்பினா ஒரு தடவ. நேராப் போனா சத்தமே இல்ல. வண்டி நின்னா இல்ல."

"வீட்டுல சின்னப் பிள்ள இருக்கா?"

"நாலு வயசு. வாசல்ல வண்டி நிக்கும்போது உள்ள ஏறி வெளாடுவா."

முன்கண்ணாடி ஓரத்துக் காற்றுத் துவாரத்தில் வாக்குவம் குழாயை வைத்து இழுக்கச் சொன்னேன். சாயங்காலம் போட்டோ வந்தது. மூன்று சோழி, ஒரு புளியங்கொட்டை. பல்லாங்குழிக்குச் சோழி குறைகிறது என்று அவர்கள் வீட்டு ஆச்சி ஒரு வாரமாகக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்களாம்.