சோறு செரிக்கும், சுண்ணாம்புச் சத்து எங்கே?

நாய்க்குச் சோறு போடலாமா, கூடாதா என்று இணையத்தில் ஓயாமல் சண்டை நடக்கிறது. ஓநாயின் வாரிசுக்கு அரிசி ஆகாது, பச்சைக் கறிதான் இயற்கை என்கிறது ஒரு கட்சி. சேலத்தில் அந்தக் கட்சி எடுபடாது. கொண்டலாம்பட்டியில் தறி ஓடும் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாய் தலைமுறை தலைமுறையாகச் சோற்றிலும் களியிலும் வளர்ந்ததுதான். கோளாறு சோற்றில் இல்லை. சோற்றோடு வராத ஒன்றிலும், சோற்றோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் இன்னொன்றிலும் இருக்கிறது.

முதலில் சோறு. நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதி இருக்கிறது. நாயின் எச்சிலில் அது அநேகமாக இல்லை. மெல்லாமல் விழுங்கும் பிராணிக்கு வாயில் நொதி இருந்தும் பயனில்லை. இரைப்பை அமிலம் கறியைப் பதம் பார்க்கும், சோற்றை அவ்வளவாகத் தொடாது. சிறுகுடலுக்குள் இறங்கிய பிறகுதான் கணையத்திலிருந்து அமிலேஸ் வந்து வேலையைத் தொடங்கும். அந்த நொதியைச் செய்யும் மரபணு ஓநாய்க்கு 2 படிகள்தான், அதாவது 2 நகல்கள். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதை சுவீடன் ஆய்வாளர்கள் 2013ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். படி கூடினால் நொதியும் கூடும். மனிதன் பயிர் செய்யத் தொடங்கி, நாய் அவன் எச்சில் இலையை நம்பத் தொடங்கிய காலத்தின் தடயம் இது என்பது அவர்கள் முடிவு.

ஆனால் சோறு குழைய வெந்திருக்க வேண்டும். வேகாத மாவுமணி இறுகிப் பூட்டிய பொட்டலம். தண்ணீரும் சூடும் சேர்ந்து அதை உப்ப வைத்தால்தான் நொதி உள்ளே நுழையும். அதனால் நாய்க்கு வைக்கும் அரிசிக்கு இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். நாய் காற்றுவிடுகிறது என்று மூக்கைப் பிடிப்பவர்கள் காலையில் வைத்த தட்டை நினைத்துப் பார்க்கலாம். நம்மூர் ஜவ்வரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை: வயிறு போகும்போது ஒரு வேளை கஞ்சியாகக் கொடுத்தால் தப்பில்லை. ஆனால் அது முழுக்க மாவு, புரதம் அதில் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். அதையே நாள்கணக்கில் ஊற்றக் கூடாது.

எவ்வளவு போடுவது? நாயின் எடையைக் கிலோவில் மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள். 10 கிலோ என்றால் 10 × 10 × 10 = 1000. அதற்கு வர்க்கமூலம் இரண்டு தடவை எடுத்தால் 5.62. அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 394 கலோரி. சும்மா படுத்துக் கிடக்கவே இவ்வளவு வேண்டும். கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 630. ஏற்காடு எஸ்டேட்டில் நாள் முழுக்க மேடும் பள்ளமும் ஓடி, மார்கழிக் குளிரில் வெளியே படுக்கும் நாய்க்கு, படுத்துக் கிடக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குகூட ஆகும். அஸ்தம்பட்டி மாடி வீட்டுப் பக் நாய்க்கு 1.6 கூட அதிகம்.

இனி அந்த 10 கிலோ நாயின் ஒரு நாள் தட்டு. எலும்பில்லாமல், தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 150 கிராம், சோறு 180 கிராம் (அரிசியாக 60 கிராம் போதும்), அவித்த நாமக்கல் முட்டை ஒன்று, கேரட்டோ பூசணியோ 50 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கூட்டினால் 625 கலோரிக்குப் பக்கத்தில் வரும். புரதம் 50 கிராமுக்கு மேல் இருக்கிறது, அது தாராளம். பார்க்க நல்ல சாப்பாடுதான். இதை மட்டுமே போட்டு வளர்த்தால் நாயின் எலும்பு மெல்ல மெல்லக் கரையும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தத் தட்டு முழுவதையும் துழாவினாலும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், 100 மில்லிகிராம்கூடத் தேறாது. இந்த நாய்க்கு நாளொன்றுக்கு வேண்டியது 600 முதல் 800 மில்லிகிராம். பாஸ்பரஸோ கறியிலும் முட்டையிலும் கொட்டிக் கிடக்கிறது. அது 470 மில்லிகிராம் அளவில் வரும். பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்று முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும். இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. காட்டில் வேட்டையாடும் விலங்கு இரையின் எலும்பையும் சேர்த்துக் கடித்துத் தின்பதால் அதற்கு இந்தக் கணக்கு தானாகவே சரியாகிவிடும். கசாப்புக் கடையில் வாங்கும் தனிக்கறியில் அது இல்லை.

இரத்தத்தில் கால்சியம் குறைய உடம்பு விடாது. இதயத் துடிப்பும் நரம்பும் தசையும் அதை நம்பியே ஓடுகின்றன. குறையும் என்று தெரிந்ததும் கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து உருவி இரத்தத்தில் விடும். தாடை எலும்புதான் முதலில் அடி வாங்கும்; பல் ஆடும். குட்டியாக இருந்தால் கால் வளையும், கட்டிலிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். இதில் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும், ஏனென்றால் எலும்பை விற்றுத்தான் அந்த அளவை உடம்பு காப்பாற்றி வைத்திருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு மங்கித் தெரியும்போது விஷயம் முற்றியிருக்கும்.

தீர்வு தினமும் குப்பைக்குப் போகிற முட்டை ஓட்டில் இருக்கிறது. ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் சருகாகக் காயவிட்டு, மிக்ஸியின் சின்ன ஜாரில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். நறநறவென்று கையில் பட்டால் இன்னொரு சுற்று விட வேண்டும். கரடுமுரடான தூள் குடலில் கரையாமல் வெளியேறிவிடும். ஒரு கிராம் தூளில் 380 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். மேலே சொன்ன தட்டுக்கு ஒன்றரை கிராம், கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல். ஒரு முட்டையின் ஓடு மூன்று நாளைக்கு வரும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவையும் வீட்டுச் சமையலில் குறையும். அவற்றை ஓட்டால் ஈடுகட்ட முடியாது. நாய்க்கென்று விற்கும் தாது உப்புக் கலவையை மருத்துவரிடம் எடையைச் சொல்லி, அளவு கேட்டுச் சேர்க்க வேண்டும்.

கேழ்வரகில் கால்சியம் அதிகம், களி போட்டால் போதாதா என்று கேட்பார்கள். 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் வாக்கில் இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற சேர்மம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேவை முழுவதையும் களியாலேயே நிரப்பப் போனால் கறிக்குத் தட்டில் இடமிருக்காது. சோற்றுக்குப் பதில் சில நாள் களி என்றால் நல்லதே. சேலத்து வெயில் இருக்கையில் வைட்டமின் டிக்கு என்ன குறை என்ற வாதமும் நாயிடம் செல்லாது. நம் தோல் வெயிலில் அதைச் செய்துகொள்ளும். நாயின் தோலால் போதிய அளவு செய்ய முடியாது. அதற்குரிய மூலப்பொருள் அங்கே மிகக் குறைவு. மஞ்சள் கரு, மீன், வாரம் ஒரு முறை சிறு துண்டு ஈரல் என்று வாய்வழியேதான் கிடைக்க வேண்டும். ஈரலை நாள்தோறும் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சி, அது வேறு வம்பு.

குட்டிக்கு இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது. வளரும் குட்டிக்குக் கலோரியும் கால்சியமும் எடைக்கு எடை அதிகம் வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடலுக்கு மிஞ்சிய கால்சியத்தை வேண்டாமென்று தள்ளத் தெரியாது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் போன்ற பெரிய சாதிக் குட்டிகளுக்கு ஆளாளுக்கு டானிக் ஊற்றுவதால் மூட்டு கோணலாக வளரும். காது நிமிரக் கால்சியம் ஊற்றுவதில் அர்த்தமே இல்லை. காதில் இருப்பது குருத்தெலும்பு. குட்டிக்கு ஒரு வயது வரை முழுச்சத்துக் குட்டித் தீவனமே போடுவது உத்தமம்.

அடுத்தது, சோற்றோடு ஒட்டிக்கொண்டு வருவது: குழம்பு. வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைத் தாக்கி உடைக்கும். சின்ன வெங்காயமும் அப்படித்தான், பூண்டு அதைவிட மோசம். வேகவைத்தாலும் வீரியம் போகாது. சாம்பாரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் அதே கதை. கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயம் போதும், இரத்தத்தில் மாற்றம் தெரிந்துவிடும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அதற்குள் என்றைக்கோ போட்ட, வெங்காயம் வைத்த தட்டுவடை செட் மறந்தே போயிருக்கும்.

புளி இதைவிடப் புதிய செய்தி. திராட்சை தின்ற நாய்க்குச் சிறுநீரகம் கெடுவது ஏன் என்று வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது வலுவாகச் சந்தேகிக்கிறார்கள். அந்த அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்ததை 2022ல் வெளியான மருத்துவ அறிக்கை காட்டியது. புளிக்குழம்பு, புளியோதரை, ஜாடியில் வைத்த கொட்டை நீக்கிய புளி மூன்றையும் நாய்க்கு எட்டாமல் வைப்பது நல்லது. தட்டுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு நம் குழம்பைத் தாளித்தால் வேலை முடிந்தது. நாய்க்கு உப்பும் மசாலாவும் தேவையில்லை.

ஏற்காட்டில் இன்னொன்றும் உண்டு. பழுத்த காப்பிப் பழத்தின் தோல் இனிக்கும், களத்தில் காயப்போட்டதைக் குட்டி மேய்ந்துவிடும். வறுத்த அராபிகாவில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு காஃபீன். ரோபஸ்டாவில் அதற்கு இரு மடங்கு போலாகும். கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனால் வாந்தியும் பரபரப்பும் தொடங்கும், 60ஐத் தொட்டால் வலிப்பு வரலாம். சிக்கரி கலக்காத 50 கிராம் அராபிகாத் தூள் 10 கிலோ நாயை அந்த எல்லைக்கே கொண்டுபோய்விடும். உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழைய வைத்தியம் வேண்டாம், உப்பே விஷமாகிவிடும். மலையிறங்கிச் சேலம் வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால் மருத்துவருக்குப் போன் போட்டுக்கொண்டே வண்டியை எடுங்கள். சித்திரை வைகாசியில் சேலத்துக்காரர்களுக்கு மாங்கொட்டை. சதை ஆகாதென்றில்லை, விழுங்கிய கொட்டை சிறுகுடலை அடைத்தால் அறுவை சிகிச்சைதான்.

அதே சித்திரையில் தட்டு வைக்கும் நேரத்தையும் மாற்ற வேண்டும். செரிமானமே உடம்பில் சூட்டைக் கிளப்பும், நாய்க்கோ மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற முடியும். காலை ஏழுக்கு முன் ஒரு பங்கு, இருட்டிய பிறகு ஒரு பங்கு. இருபது நிமிடத்தில் தின்னாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். 40 டிகிரியில் கறிச்சோறு சீக்கிரம் கெடும். தண்ணீர் சாதாரண நாளில் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும், கோடையில் இன்னும் ஏறும்.

பழைய உணவிலிருந்து இந்தத் தட்டுக்கு ஒரே நாளில் தாவாமல், ஒரு வாரத்தில் கால் பங்கு, அரைப் பங்கு என்று மாற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. தட்டுப்படவில்லை என்றால் கறியைத் தொடாமல், சோற்றில் இரண்டு பிடி குறைக்கலாம்.